சரி என்று யார் சொன்னது?

1

சிஸ்டம் அட்மின்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. பிங் போகிறது, ஆனால் ஃபைல் இறங்க மாட்டேன் என்கிறது. சின்னப் பக்கம் திறக்கிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது. இப்படி ஏதாவது வினோதம் என்றால், "ஆஃப்லோடிங்கை அணைச்சுப் பாரு" என்பார்கள். லினக்ஸில் எத்டூல் என்ற கருவிக்கு ஒரு வரி, ஃப்ரீபிஎஸ்டியில் இஃப்கான்ஃபிக் கருவிக்கு ஒரு வரி. அவ்வளவுதான். பல சமயம் கேட்டுவிடும். எதற்குக் கேட்டது என்று மட்டும் தெரியாது. சுக்குக் கஷாயம் மாதிரி.

இந்த வைத்தியத்தில் எனக்குப் பல வருடங்களாக ஓர் உறுத்தல் உண்டு. ஒரு வேலையை இன்னொருவர் கையில் ஒப்படைத்த பிறகு, அது சரியாக நடந்ததா என்று அறியும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது? ஒப்படைத்தவரிடமா, வாங்கிக்கொண்டவரிடமா, கடைசியில் அதைப் பயன்படுத்துகிறவரிடமா? கேள்வி பழையது. ஆபீஸிலும் குடும்பத்திலும் அரசாங்கத்திலும் இருப்பது. அங்கெல்லாம் மழுப்பிவிடலாம். ஓர் இயங்குதளத்தின் கர்னலை எழுதுகிறவர்களால் மழுப்ப முடியாது. பதிலை நிரலாக எழுதியாக வேண்டும். அதனால்தான் அவர்களுடைய பதில்களைத் தேடி வாசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் ஆஃப்லோடிங் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் பயப்படாமல் கூட வரலாம்.

நீங்கள் ஒரு படத்தை அனுப்புகிறீர்கள். ஈதர்நெட் கம்பியில் வழக்கமாக ஒரு தடவைக்கு 1500 பைட்தான் ஏறும். எனவே கர்னல் அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டி, ஒரு 16 பிட் எண்ணை அதன்மேல் எழுத வேண்டும். அந்த எண்ணின் பெயர் செக்சம். எதிர்முனையில் இருப்பவர் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். சேராத துண்டை அனுப்பியவர் மறுபடி அனுப்புவார்.

10 கிகாபிட் வேகத்தில் முழு அளவுத் துண்டுகளே விநாடிக்கு 8 லட்சத்துக்கு மேல் போகும். ஒவ்வொன்றையும் வெட்டி, ஒட்டி, கூட்டிக்கொண்டிருந்தால் புராசஸருக்கு வேறு பிழைப்பு இருக்காது. எனவே நெட்வொர்க் கார்டு செய்பவர்கள் "அதை எங்களிடம் கொடுங்கள்" என்றார்கள். செக்சம் கணக்கைக் கார்டே போட்டுக்கொள்ளும். கர்னல் 64 கேபி வரைக்கும் ஒரே பொட்டலமாகக் கொடுத்தால், கார்டே அதை நாற்பது சொச்சம் துண்டுகளாக வெட்டி அனுப்பும். வரும் பக்கத்தில் சிறு துண்டுகளை ஒட்டிப் பெரிதாக்கியும் கொடுக்கும். இப்படிச் சுமையை இறக்கி வைப்பதுதான் ஆஃப்லோடிங்.

இதில் சோம்பேறித்தனம் ஏதுமில்லை. ஒப்படைக்காமல் இன்றைய இணையம் ஓடாது. நான் கேட்பது, ஒப்படைக்கும்போது நமக்குத் தெரியாமல் கூடவே வேறு என்னென்ன கைமாறிப் போகின்றன என்பதை.

2

1984ல் ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்ற மூவர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. இணையத்தின் கட்டமைப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது. எம்ஐடியில் நடந்த ஒரு சம்பவத்தை அதில் சொல்கிறார்கள்.

அங்கே பல நெட்வொர்க்குகளை இணைக்க நடுநடுவே கேட்வே கணினிகள் இருந்தன. ஒவ்வொரு தாவலிலும் செக்சம் சோதனை உண்டு. எனவே தரவு பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நிரலாளர்கள் நம்பினார்கள். ஒரு கேட்வேயில் மட்டும் ஒரு கோளாறு. வந்த தரவை உள்ளே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை, இரண்டு பைட்டுகள் இடம் மாறிக்கொண்டன. கம்பியில் எந்தத் தவறும் இல்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, கேட்வேயின் நினைவகத்துக்குள் தவறு. கம்பிக்கு மட்டும் காவல் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அந்த வழியாகப் பலமுறை போய் வந்திருந்தன. கடைசியில் அவற்றின் சொந்தக்காரர்கள் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

மூவரும் வந்து சேரும் முடிவு இது: நடுவில் வைக்கும் சோதனைகள் வேகத்துக்கு உதவலாம். ஆனால் முழுக்கச் சரியாக வந்ததா என்ற கேள்விக்கு இரு முனைகளில் இருப்பவர்கள்தான் பதில் சொல்ல முடியும்.

இப்போது நம் கார்டுக்கு வருவோம். அது என் கணினிப் பெட்டிக்குள்தானே இருக்கிறது, அதுவும் முனைதானே என்று தோன்றும். ஆனால் கணினியின் நினைவகத்திலிருந்து கார்டு வரைக்கும் ஒரு பயணம் இருக்கிறது. அந்த வழியில் ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும்? கார்டு, தன் கைக்கு வந்த கெட்டுப்போன தரவைக் கூட்டி, அதற்குப் பொருத்தமான செக்சத்தை மிகச் சரியாக எழுதி அனுப்பும். எதிர்முனையில் கூட்டிப் பார்த்தால் கணக்கு பொருந்தும். கலப்படச் சரக்குக்கு அசல் முத்திரை. முன்பு கர்னலே நினைவகத்தில் வைத்துக் கூட்டியபோது இந்தக் குட்டிப் பயணமும் காவலுக்குள் இருந்தது. வேலையைக் கைமாற்றியபோது அது வெளியே போய்விட்டது. எண் அதே எண். எழுதும் இடமும் அதே இடம். அந்த எண் தரும் வாக்குறுதி மட்டும் சுருங்கிவிட்டது. சுருங்கியதை எங்கேயும் யாரும் எழுதி ஒட்டவில்லை.

நிஜத்தில் இதெல்லாம் நடக்குமா? ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் நிஜ இணையப் போக்குவரத்தைப் பிடித்து வைத்துப் பார்த்து, 2000ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1,100 பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 32,000 பாக்கெட்டுக்கு ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்றன. கம்பி மட்டத்தில் அதைவிடப் பலமான சோதனை இருந்தும் இந்த நிலை. காரணங்களைத் தோண்டியபோது கணினிகளின், ரௌட்டர்களின் வன்பொருளும் மென்பொருளும் அகப்பட்டன. நாம் காவல் போடுகிற இடம் ஒன்று, திருடு போகிற இடம் வேறு.

3

லினக்ஸ் கர்னலுக்குள் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டின் மீதும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். 'இதன் செக்சம் என்ன நிலையில் இருக்கிறது?' என்பதற்கான பதில் அது. நான்கே பதில்கள்தான். ஆங்கிலப் பெயர்களை விட்டுவிட்டுத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

'பார்க்கவில்லை.'

'பார்க்கத் தேவையில்லை.'

'கூட்டுத்தொகை இதோ.'

'கணக்கு பாதியில் நிற்கிறது, பின்னால் வருபவர் முடிப்பார்.'

பாக்கெட்டை வாங்கும் கார்டு, இரண்டாவது பதிலையும் சொல்லலாம், மூன்றாவதையும் சொல்லலாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மளிகைக் கடையில் "மொத்தம் 860 சார்" என்று வாயால் சொல்வதும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் ஒன்றா? 'தேவையில்லை' என்கிற கார்டு தீர்ப்பைத் தருகிறது. 'தொகை இதோ' என்கிற கார்டு தான் கூட்டியதை மட்டும் தருகிறது. அதை வைத்துக்கொண்டு சரியா தவறா என்று கர்னல் தீர்மானிக்கிறது. கூட்டுவது கஷ்டமான வேலை, ஒப்பிடுவது சுலபமான வேலை. கஷ்டமானதைக் கொடுத்துவிட்டு, முக்கியமானதைக் கையில் வைத்துக்கொள்கிறோம்.

கர்னலின் ஆவணம் இந்த மூன்றாவது வழியைத்தான் விரும்பிப் பரிந்துரைக்கிறது. கார்டுக்குப் புரியாத புதிய புரோட்டோகால் வந்தாலும் தொகை தொகைதான், அதனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பது தொழில்நுட்பக் காரணம். எனக்கு அதில் ஓர் அறக் காரணமும் தெரிகிறது. தீர்ப்பை மட்டும் வாங்கிக்கொள்பவர் பிறகு எதையும் திரும்பப் பார்க்க முடியாது. நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம். கணக்கை வாங்கிக்கொள்பவருக்குத்தான் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது.

இந்த நான்கு பதில்களில் ஒன்று இன்னொன்றாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நிஜமான கதை உண்டு. ட்விட்டர் நிறுவனத்தின் சர்வர்களில், 2015ன் இறுதியில், தரவு அர்த்தமில்லாமல் சிதைந்து வரத் தொடங்கியது. ஒரு ஸ்விட்ச் பழுதாகிப் பாக்கெட்டுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் பழுதாவது புதிதல்ல. கெட்ட பாக்கெட் செக்சத்தில் தோற்று, தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டும். ஏன் எறியப்படவில்லை?

தோண்டிப் பார்த்ததில், கன்டெய்னருக்குள் ஓடும் செயலிகளுக்குத்தான் கெட்ட தரவு போய்ச் சேர்ந்திருந்தது. கன்டெய்னரையும் வெளியையும் இணைப்பது வீஈத் என்ற மெய்நிகர் கம்பி. நிஜக் கம்பி இல்லை, ஒரே கணினிக்குள் ஓடும் மென்பொருள். அதன் டிரைவரில், 'பார்க்கவில்லை' என்ற குறிப்போடு ஒரு பாக்கெட் வந்தால் அதைப் 'பார்க்கத் தேவையில்லை' என்று மாற்றி எழுதும் இரண்டு மூன்று வரிகள் இருந்தன. ஒரே கணினிக்குள் பிறந்து அங்கேயே போய்ச் சேரும் பாக்கெட்டுக்கு அது நியாயம்தான். நடுவில் கம்பியே இல்லையே, எங்கே கெடப்போகிறது? ஆனால் வெளியிலிருந்து வந்த பாக்கெட்டும் அதே வழியாகத்தான் கன்டெய்னருக்குள் நுழைந்தது. நிஜக் கார்டு அதில் ஏதோ சரியில்லை என்று கண்டு, 'பார்க்கவில்லை, நீங்களே கூட்டிப் பாருங்கள்' என்று எழுதி அனுப்பியிருந்தது. வீஈத் அதை அழித்து, 'தேவையில்லை' என்று எழுதியது.

திருத்தம் அந்த வரிகளை நீக்குவதுதான். வரிகளை எழுதியவர் பொய் சொல்லவில்லை. கார்டு பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் இடத்தில் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். 'பார்க்கவில்லை' என்ற மௌனம் கைமாறும்போது 'தேவையில்லை' என்ற சம்மதமாகிவிட்டது.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு மேலே போவதைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கீழே இருப்பவர் பச்சை மையில் கையெழுத்துப் போட அதிகாரமில்லாதவர். மேலே இருப்பவர் பார்ப்பார் என்று நினைத்துச் சுருக்கொப்பம் வைக்கிறார். மேலே இருப்பவர், கீழே பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். கடைசியில் ஐந்து கையெழுத்து இருக்கும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். ஐந்து கையெழுத்தையும் பார்த்த ஆறாமவர் நிம்மதியாகத் தூங்குவார்.

4

கைவைத்தியத்துக்குத் திரும்பி வருவோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான ஃபயர்வால் ஒன்று விர்ச்சுவல் மெஷினாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரவு, அதே ஹோஸ்டில் இருந்த மற்ற மெஷின்களிலிருந்து அந்த ஃபயர்வால் வழியாக வெளியே போகும் இணைப்புகள் எல்லாம் தொங்கின. பிங் மட்டும் ஜம்மென்று போனது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ஆஃப்லோடிங்கை அணைத்தார். எல்லாம் சரியானது. டிக்கெட்டை மூடிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை எங்கள் டீமின் மூத்தவர் அவரிடம் கேட்டார்.

"என்ன பண்ணே?"

"செக்சம் ஆஃப்லோடை அணைச்சேண்ணா. ஓடுது."

"ஓடுது, சரி. ஏன் ஓடுது?"

"டிசிபிடம்ப்ல பார்த்தேன்ணா. போற பாக்கெட் எல்லாமே செக்சம் தப்புன்னு காட்டுச்சு."

"நல்லா இருக்கிற மெஷின்லயும் அப்படித்தான் காட்டும். நீ நின்னு பார்த்த இடம் கார்டுக்கு முன்னாடி. கார்டுதானே கணக்குப் போடும்? போடறதுக்கு முன்னாடியே போய்ப் பார்த்துட்டுத் தப்புங்கிறே."

அது உண்மை. ஆஃப்லோடிங் இருக்கும் எந்தக் கணினியிலும், வெளியே போகும் பாக்கெட்டைக் கர்னலுக்குள் வைத்துப் படம் பிடித்தால் செக்சம் தவறாகத்தான் தெரியும். அடுப்பில் இருக்கும் சாதத்தைத் திறந்து பார்த்து வேகவில்லை என்பதைப் போல. தம்பி கண்டது ஒரு கோளாறே இல்லை. ஆனால் வேறொரு கோளாறு இருந்தது, அதுவும் தற்செயலாக அதே ஸ்விட்சால் அடங்கிவிட்டது.

நிஜக் காரணம் அன்று மாலைதான் பிடிபட்டது. ஒரே ஹோஸ்டுக்குள் ஓடும் மெஷின்களுக்கு நடுவே கம்பி இல்லை. எனவே பாக்கெட்டுகள் நான்காவது குறிப்போடு, 'கணக்கு பாதியில் நிற்கிறது' என்ற நிலையிலேயே சுற்றிவரும். ஃபயர்வால் அதை வாங்கி, முகவரியை மாற்றி, கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிச் செக்சத்தில் அந்த வித்தியாசத்தை மட்டும் சரிக்கட்டி வெளியே அனுப்பியது. பாதிக் கணக்கின் மேல் திருத்தம். வாங்கியவர்கள் எல்லோரும் தூக்கி எறிந்தார்கள். பிங்குக்கு மென்பொருளே முழுக் கணக்குப் போட்டுவிடுவதால் அது மட்டும் தப்பித்தது.

அந்த மூத்தவர் பிறகு சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ராத்திரி ரெண்டு மணிக்கு அணைச்சது கரெக்ட். நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். டிக்கெட்டை மூடினதுதான் எனக்குப் பிடிக்கலை."

வலி நிற்பது ஒரு விஷயம், நோய் என்னவென்று தெரிவது வேறு விஷயம். இரவு இரண்டு மணிக்கு முதலாவது போதும். ஆனால் முதலாவது கிடைத்தவுடன் இரண்டாவதைத் தேடும் ஆசை போய்விடுகிறது. திறமூல மென்பொருளில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரே கோளாறு வருகிறது. ஆயிரம் பேரும் அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டிரைவரைப் பராமரிப்பவருக்கு ஒரு கடிதம்கூட வருவதில்லை. தன் டிரைவர் நன்றாக ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு நாம் தரக்கூடிய விலை அநேகமாக இது ஒன்றுதான்: என்ன நடந்தது, எந்தக் கார்டு, எந்தப் பதிப்பு, எப்படிச் செய்தால் மறுபடி வருகிறது என்று உட்கார்ந்து எழுதும் ஒரு மணி நேரம். அதையும் தராமல் போவதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஊர்க் கிணற்றில் பாசி பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் குடத்தை மட்டும் ஓரமாக மொண்டுகொண்டு போவது போன்றது.

5

சரி, ஒருவர் எழுதினார், பராமரிப்பவர் படித்தார். தவறு கார்டுக்குள் இருக்கிறது என்று தெரிகிறது. இப்போது அவர் என்ன செய்வார்? சிலிக்கானை அழித்து எழுத முடியாது. அந்தக் கார்டுகள் ஏற்கனவே உலகம் முழுக்க மதர்போர்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. பிழை செய்தவர் ஒருவர், அதன் சுமை இன்னொருவர் தலையில்.

ஃப்ரீபிஎஸ்டியில் ரியல்டெக் கார்டுகளுக்கான டிரைவரில் ஓர் அழகான இடம் இருக்கிறது. ஈதர்நெட்டில் ஒரு சட்டகம் குறைந்தபட்சம் 60 பைட்டாவது இருக்க வேண்டும் (கடைசியில் ஒட்டும் சோதனை எண் தனி). சின்னதாக இருந்தால் கார்டே வெற்றுப் பைட்டுகளை வைத்து நிரப்பிக்கொள்ளும். அந்தக் கார்டுகளில் சிலவற்றில், நிரப்பும் வேலையும் செக்சம் வேலையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் உள்ளடக்கம் குழம்பிவிடுகிறது. இரண்டும் தனித்தனியே சரி, சேர்ந்தால் தவறு. டிரைவர் எழுதியவர் செய்தது எளியது. சின்னப் பாக்கெட் வந்தால், கார்டுக்கு வேலை வைக்காமல் மென்பொருளிலேயே நிரப்பி அனுப்பிவிடுகிறார். செக்சத்தைக் கார்டு தொடர்ந்து போடலாம். அதற்கு மேலே, என்ன நடக்கிறது, எந்த மாதிரிப் பாக்கெட்டில் நடக்கிறது, கம்பியில் எப்படித் தெரியும், அதற்காக என்ன செய்கிறோம் என்று விளக்கமாக ஒரு கமெண்ட். அதில் வசவு இல்லை.

இதற்கு எதிர்ப்புறமாக, இன்டெல் கார்டுகளுக்கான ஒரு லினக்ஸ் டிரைவரில் நெடுநாள் இருந்த ஒரு பகுதியைச் சொல்லலாம். வேகம் 10 அல்லது 100 மெகாபிட்டாக இருந்தால், துண்டாக்கும் ஆஃப்லோடிங்கை அது அணைத்துவிடும். காரணமாகக் கமெண்டில் சொல்லியிருப்பது, சில வன்பொருள் சிக்கல்களைத் தவிர்க்க என்பது மட்டும். என்ன சிக்கல்? எந்தச் சிப்பில்? தெரியாது. பின்னால் வருபவர் அதை எடுக்கவும் பயப்படுவார், விட்டு வைக்கவும் கூச்சப்படுவார்.

திவசத்தன்று பூனையைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அப்பா காலத்தில் வீட்டில் பூனை இருந்தது, பாலில் வாய் வைத்தது, கவிழ்த்தார்கள். மகன் காலத்தில் பூனை இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கவிழ்த்தான். எத்தனையோ நிறுவனங்களின் சர்வர்களில், என்றைக்கோ வாங்கிய கார்டுக்காக எழுதிய 'ஆஃப்லோடிங் அணை' என்ற வரி இன்றைக்கும் நகலாகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கார்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. பூனை போய்விட்டது, கூடை இருக்கிறது.

எனவே ஒரு திருத்தத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கோளாறை நிறுத்துவது ஒரு பாதி. இன்னொரு பாதி, இந்தத் திருத்தம் என்றைக்குத் தேவைப்படாமல் போகும் என்பதை அடுத்தவர் தானே கண்டுபிடிக்கும்படி எழுதி வைப்பது. முதல் பாதி இன்றைக்கு இருப்பவர்களுக்கான கடமை. இரண்டாவது, நமக்கு முகம் தெரியாதவர்களுக்கான கடமை. அதற்குச் சம்பளம் கிடையாது, அதனால்தான் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

6

"அப்போ எதையுமே நம்பக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விநாடிக்கு 8 லட்சம் பாக்கெட்டை இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பதென்றால் ஒப்படைத்ததற்கே அர்த்தமில்லை. வேலையைக் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் மேனேஜரை யாருக்கும் பிடிக்காது. அவரால் வேலையும் நடக்காது.

கர்னல்காரர்கள் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 2000களின் நடுவில், டிசிபி முழுவதையும் கார்டுக்குள் கொண்டுபோகும் யோசனை பலமாக இருந்தது. எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை, எப்போது மறுபடி அனுப்புவது என்ற நினைவும் முடிவும் எல்லாமே கார்டிடம். விண்டோஸ் அதைச் சிம்னி என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது, பிற்பாடு கைவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி, விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று இடம் கொடுத்தது. லினக்ஸ் மறுத்தது. அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது: கார்டின் ஃபர்ம்வேரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் அதை எங்களால் அடைக்க முடியாது. எங்களால் திருத்த முடியாத ஒன்றுக்கு எங்கள் பெயரில் எப்படிப் பொறுப்பேற்பது?

செக்சம் போடுவதும் துண்டாக்குவதும் உழைப்பு. அதைக் கொடுத்துவிட்ட பிறகும் நிலைமை என்னவென்று கர்னலுக்குத் தெரியும். நாளைக்கே அணைத்துவிட்டுத் தானே செய்ய முடியும். டிசிபி முழுவதையும் கொடுத்தால் நினைவும் போய்விடுகிறது. பிறகு திரும்ப வாங்க முடியாது.

திரும்ப வாங்க முடிவது என்ற இந்த அளவுகோல் இன்னோர் இடத்திலும் வருகிறது. வரும் துண்டுகளைக் கார்டே ஒட்டித் தரும் பழைய முறையில், ஒட்டும்போது ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகள் தொலைந்துபோகும். தரவு நமக்கே என்றால் பரவாயில்லை. நாம் ரௌட்டராக இருந்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்றால், பழையபடி பிரிக்க முடியாது. அதனால்தான் ரௌட்டிங்கை இயக்கினால் லினக்ஸ் அந்த முறையை அணைத்துவிடுகிறது. 2009ல் வந்த 2.6.29 பதிப்பு வேறொரு முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒட்டுவதற்கு விதிகள் கறாரானவை. பிரித்தால் முன்பிருந்தபடியே வருமானால் மட்டும் ஒட்டு. இல்லையென்றால் கை வைக்காதே. தனக்கென்று வந்ததில் காட்டும் சுதந்திரத்தை, பிறருக்குச் சேர வேண்டியதில் காட்டக் கூடாது என்பதுதான் இந்த விதி. இதை நெட்வொர்க்குக்கு வெளியேயும் நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. ஒருவர் நம்மிடம் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லும்போது முக்கியமாக.

கடைசிச் சோதனை யாருடையது என்பதற்கும் இப்போது ஒரு பதில் சொல்லலாம். தரவை வைத்து ஏதோ ஒன்றைச் செய்யப்போகிறவருடையது. கிட் தன் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. இசட்எஃப்எஸ் வட்டிலிருந்து வாசிக்கும் ஒவ்வொரு தொகுதியையும் செக்சம் போட்டுப் பார்க்கிறது. டிஎல்எஸ், நடுவில் ஒரு பிட் மாறினாலும் இணைப்பையே முறித்துவிடுகிறது. கீழே இருக்கும் எல்லோரையும் நம்பித்தான் இவை ஓடுகின்றன. ஆனால் அந்த நம்பிக்கையைத் தன் பொறுப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளவில்லை. எட்டிப் பார்க்கும் மேனேஜருக்கும், கடைசியில் தன் தட்டில் விழுந்ததை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு.

7

பாக்கெட்டுக்கு நான்கு குறிப்புகள் வைத்திருக்கும் அதே லினக்ஸ் சமூகம், மனிதர்களுக்கும் அப்படிச் சில குறிப்புகளை வைத்திருக்கிறது. ஒரு பேட்ச் கர்னலுக்குள் நுழையும்போது அதன் அடியில் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு சொல். 2004ல் வந்த முதல் சொல், 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்று மட்டும் சொல்கிறது. பேட்ச் சரி என்று அது சொல்வதில்லை. இன்னொரு சொல், 'இதில் எனக்குச் சம்மதம்'. முழுவதையும் ஆழ்ந்து படித்தேன் என்று அதற்குப் பொருளில்லை. இன்னொன்று, 'என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன்'. இன்னொன்று, 'வரி வரியாக ஆராய்ந்தேன், எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் உத்தரவாதம் தரவில்லை'. கோளாறை முதலில் தெரிவித்தவருக்கும் ஒரு சொல் உண்டு.

அன்றாடத்தில் நாம் இது அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்லை வைத்திருக்கிறோம்: 'ஓகே'. நிரலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓகே. ஒப்பந்தத்தைப் படிக்காமல் ஓகே. செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததை ஓடுகிறது என்பதால் ஓகே. படித்தேன் என்கிற ஓகேவும், நீங்கள் படித்திருப்பீர்கள் என்கிற ஓகேவும் வெளியே ஒன்றுபோலவே இருக்கின்றன. வாங்கிக்கொள்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. வீஈத் டிரைவர் செய்ததை நாம் தினமும் பத்து முறை செய்கிறோம்.

எல்லாவற்றையும் சரிபார்க்க யாருக்கும் ஆயுள் போதாது. சரிபார்க்காமல் இருப்பதை நான் குற்றமாகவும் நினைக்கவில்லை. பாக்கெட்டின் மீதிருக்கும் நான்கு குறிப்புகளில் முதலாவது, 'பார்க்கவில்லை'. அந்தக் குறிப்போடு ஒரு பாக்கெட் வந்தால் கர்னல் கோபித்துக்கொள்வதில்லை. தானே கூட்டிப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு, அதன் இடத்தில் வேறொன்றை எழுதும்போதுதான் கெட்டது நுழைகிறது.

"இதை நான் பார்க்கலை, நீங்க ஒரு தடவை பார்த்துக்கோங்க." ஒரு டீமில் இந்த வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். சொல்ல முடிந்தால், அங்கே கிடைக்கும் 'ஓகே'வை நம்பலாம்.